கணினி பவர் சப்ளையில் ஸ்பீக்கர் செட் ஓடுமா? லயங்களில் கேட்கப்படும் ஒரு கேள்வி

சப்ரகமுவ தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது சம்பளம், காணி, வீடு என்று நான் கொண்டுபோகும் கேள்விகள் ஒருபுறம். இளைஞர்கள் என்னிடம் திருப்பிக் கேட்பவை வேறு மாதிரியானவை. "அக்கா, பழைய கொம்பியூட்டர் பவர் சப்ளையில கார் செட்டு ஓடுமா?" என்பது அவற்றில் ஒன்று. இறக்குவானைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கேட்டார்கள். பிறகு தெரணியகலையில் கேட்டார்கள். எட்டியாந்தோட்டைப் பக்கம் கேட்கவே இல்லை, அங்கே ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊடகக் கற்கை படித்தவளுக்கு ஒலிப்பதிவுக்கூடம் தெரியும், ஒலிப்பதிவுக்கூடம் தெரிந்தால் எல்லாக் கம்பியும் தெரிந்திருக்கும் என்பது அவர்களது கணக்கு. மின்வேலை தெரிந்த இருவரிடம் கேட்டும், ஒரு மல்டிமீட்டரோடு இரண்டு பழைய பெட்டிகளை மேசையில் வைத்துப் பார்த்தும்தான் இதை எழுதுகிறேன்.

கேள்வியின் பின்னணி எளிமையானது. தோட்டத் தொழிலாளரின் நாளாந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் ஆனது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி செட்டை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தால் ஒருவரின் பல நாள் உழைப்பு அதில் போய்விடும். மறுபக்கம், பாடசாலையோ நகரத்துக் கடையோ கழித்துவிட்ட கணினிகள் சும்மா கிடைக்கின்றன. பழைய வானில் இருந்து கழற்றிய கார் செட்டும் இரண்டு ஸ்பீக்கரும் பழைய இரும்புக் கடையில் மலிவு. இரண்டும் 12 வோல்ட். சேர்த்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும்.

வடக்கில் வளர்ந்தவர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. 1990 இற்குப் பின் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வந்த மின்சாரத்தில் செய்தி கேட்டவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். அந்த டைனமோ தருவது 6 வோல்ட், அதிகபட்சம் 3 வாட். பொக்கெட் ரேடியோவுக்கு அது போதும். என் அம்மாவின் குடும்பம் 1977 வன்செயலின் பின் இரத்தினபுரித் தோட்டமொன்றை விட்டு வவுனியாவுக்குப் போனது. டைனமோ சுற்றிய கையும் இன்று லயத்தில் கணினிப் பெட்டியைக் கழற்றும் கையும் எங்கள் வீட்டில் ஒரே வம்சம்தான்.

கேள்விக்கு நேரடிப் பதில்: ஓடும். ஆனால் எந்த செட், எவ்வளவு சத்தம், எந்த பிளக்கில் என்பதைப் பார்த்துத்தான்.

வாட்டைப் பார்க்காதீர்கள், அம்பியரைப் பாருங்கள்

பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபலில் பெரிய எழுத்தில் 450 வாட், 500 வாட் என்று இருக்கும். அதை மறந்துவிடுங்கள். அது பல வோல்ட் வரிசைகளின் கூட்டுத்தொகை, மலிவுப் பெட்டிகளில் அதுவும் மிகைப்படுத்தியதுதான். நமக்கு வேண்டியது "+12V" என்ற இடத்துக்கு நேரே உள்ள அம்பியர் எண் மட்டும். என் மேசையில் இருந்த 450 வாட் பெட்டியில் அது 16. 12 ஐ 16 ஆல் பெருக்கினால் 192 வாட். மீதி எல்லாம் கணினியின் உள்ளுறுப்புகளுக்கான 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிசைகளில் இருக்கிறது, பாட்டுக்கு உதவாது. இன்னும் பழைய பெட்டிகளில் 12 வோல்டில் 10 அம்பியர் மட்டுமே இருக்கலாம்.

அடுத்து, கார் செட்டின் பின்னால் குத்தியிருக்கும் பியூஸைப் பாருங்கள். சாதாரண செட்டில் 10 அல்லது 15 அம்பியர் இருக்கும். பியூஸ் எண்ணைவிட லேபல் எண் தாராளமாகக் கூடுதலாக இருந்தால் போதும். செட்டின் முகப்பில் "4 x 50 வாட்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் பயப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம். 12 வோல்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, தனி அம்ப் இல்லாத கார் செட் தரக்கூடிய உச்சம் கணக்குப்படி 18 வாட். நடைமுறையில் சிதையாமல் வருவது 12, 14 வாட். அதற்குமேல் திருகினால் வருவது இரைச்சல்.

டிக்கியில் பூட்டும் பெரிய பாஸ் அம்ப் வேறு இனம். அதன் பியூஸ் 30, 40 அம்பியர் இருக்கும். அதைக் கணினிப் பெட்டியில் கொடுத்தால், முதல் பெரிய பாஸ் அடிக்கே பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பெட்டி பழுதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தன் பாதுகாப்பு வேலையைத்தான் செய்கிறது. பிளக்கைக் கழற்றிச் சற்றுப் பொறுத்துப் போட்டால் மறுபடி எழும்பும்.

சிவப்பு சிவப்போடு சேராது

வண்ணங்களில்தான் பலரும் வழுக்குகிறார்கள். கணினிப் பெட்டியில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், செம்மஞ்சள் 3.3 வோல்ட், கறுப்பு பூச்சியம். கார் செட்டில் மஞ்சள் எப்போதும் வரும் 12 வோல்ட், அதாவது நினைவுக்கானது. சிவப்பு சாவி திருப்பினால் வரும் 12 வோல்ட். மஞ்சளை மஞ்சளோடும் சிவப்பைச் சிவப்போடும் முறுக்கினால் செட் எழும்பாது, ஏனென்றால் சாவிக் கம்பிக்குப் போவது 5 வோல்ட். செட்டின் மஞ்சள், சிவப்பு இரண்டையும் பெட்டியின் மஞ்சளுக்கே கொடுக்க வேண்டும். செட்டின் கறுப்பு பெட்டியின் கறுப்புக்கு.

ஒரே மஞ்சள் கம்பியில் முழுப் பாரத்தையும் ஏற்றாதீர்கள், அது சூடாகும். மூன்று மஞ்சளையும் மூன்று கறுப்பையும் சேர்த்து முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டி, நன்றாக டேப் சுற்றுங்கள். ஸ்பீக்கரின் மைனஸ் கம்பிகளைக் கறுப்போடு சேர்க்கவே கூடாது. கார் செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு கம்பியிலும் சத்தம் ஓடுகிறது. ஒன்றைப் பூச்சியத்தில் தொடுத்தால் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும்.

பிளக்கில் போட்டவுடன் பெட்டி எழும்பாது. கணினியின் தாய்ப்பலகை சொன்னால்தான் எழும்பும். பெரிய 24 முனைச் சொக்கட்டில் ஒரே ஒரு பச்சைக் கம்பி இருக்கும். அதை ஒரு சின்ன சுவிச் வழியாக ஏதாவது ஒரு கறுப்போடு சேர்த்தால் காற்றாடி சுழலும். அந்தச் சுவிச்சே உங்கள் ஓன், ஓஃப். கம்பிகள் எல்லாமே கறுப்பாக இருக்கும் புதிய பெட்டிகளிலும், தங்களுக்கென்று தனிச் சொக்கட் வைத்திருக்கும் கம்பெனிக் கணினிகளிலும் இந்த வண்ணக் கணக்கு செல்லாது. அங்கே மீட்டர் இல்லாமல் கைவைக்க வேண்டாம்.

பழைய பெட்டிகளில் இன்னொரு குணம் உண்டு. 5 வோல்டையும் 12 வோல்டையும் அவை சேர்த்தே கட்டுப்படுத்துகின்றன. 12 வோல்டில் மட்டும் பாரம் ஏற்றி 5 வோல்டைச் சும்மா விட்டால் 12 என்பது 11 இற்கு இறங்கும், பாஸ் அடிக்கும்போதெல்லாம் செட்டின் வெளிச்சம் மங்கும். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் 12 வோல்ட் நிமிரும். அது சுடும், ஆகவே காற்றாடிக் காற்று படும் இடத்தில் வையுங்கள். எட்டியாந்தோட்டைத் தம்பிமார் இதற்குப் பதிலாக ஒரு பழைய டிவிடி ட்ரைவைச் செருகி வைத்திருந்தார்கள். அதுவும் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் ரெசிஸ்டர்தான் நம்பகமானது.

பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சின்னச் சிவப்புச் சுவிச் இருந்தால், அது 230 இல் இருக்கிறதா என்று பிளக்கில் போடுமுன் பாருங்கள். 115 இல் இருந்தால் ஒரு வெடிச் சத்தம், அத்தோடு கதை முடிந்தது. பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டிய தேவை எந்த இடத்திலும் இல்லை. உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

லயங்களில் இந்தப் பெட்டிக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. ஒரே மீட்டரில் இருந்து மெல்லிய கம்பி இழுத்துப் பல காம்பராக்களுக்குக் கொடுத்திருக்கும் இடங்களில், இரவு சமையல் நேரத்தில் வோல்ட் இறங்கிவிடும். டிரான்ஸ்போமர் வைத்த பழைய அம்ப் அப்போது முனகும். கணினிப் பெட்டி 180, 190 வோல்ட் வந்தாலும் தன் 12 ஐ விடாமல் தரும்.

சத்தம் வாட்டில் மட்டும் இல்லை

14 வாட்டில் திருவிழா நடத்த முடியுமா என்று இறக்குவானையில் ஒரு தம்பி சிரித்தார். நடத்தலாம், எதில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வீட்டுப் பொக்ஸ் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், ஏறக்குறைய 88 டெசிபல் தரும். கோயில் கூரையில் கட்டும் ஹோர்ன் அதே 1 வாட்டுக்கு 105 டெசிபல் அளவில் தரும். 100 வாட் கொடுத்த பொக்ஸ் 108 இற்கு வரும்போது, 10 வாட் கொடுத்த ஹோர்ன் 115 இல் நிற்கும். பாட்டின் இனிமை ஹோர்னில் வராது. மலைச்சரிவில் அடுத்த டிவிஷன் வரைக்கும் அறிவித்தல் போகவேண்டும் என்றால் ஹோர்ன்தான்.

வானொலி கேட்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கணினிப் பெட்டி அதிவேகமாக மின்சாரத்தை வெட்டி வெட்டித் தருவதால் மத்திய அலையிலும் சிற்றலையிலும் கரகரப்பைத் தூவும். பண்பலைக்கு அவ்வளவு பாதிப்பில்லை. ஆனால் ஜப்பானில் இருந்து வந்த வானில் கழற்றிய செட் என்றால், பண்பலை 76 இல் தொடங்கி பெரும்பாலும் 90 இல் நின்றுவிடும். நம் நிலையங்களில் பல அதற்கு மேலே இருக்கின்றன. அன்டெனா வழியில் செருகும் பேண்ட் எக்ஸ்பாண்டர் ஒன்று வேண்டும், அல்லது யுஎஸ்பியில் பாட்டோடு திருப்திப்பட வேண்டும்.

கார் செட் கையில் இல்லை, இணையக் கடையில் விற்கும் சின்ன டிஜிட்டல் அம்ப் போர்ட் மட்டும் இருக்கிறது என்றால், என் அபிப்பிராயம் கணினிப் பெட்டியைத் தேட வேண்டாம் என்பதே. 24 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியுள்ள போர்டுக்கு பழைய லப்டொப் சார்ஜர் 19 வோல்ட் தரும். அதே 4 ஓம் ஸ்பீக்கரில் இரண்டு மடங்குக்கு மேல் வாட் வரும். காற்றாடி இரைச்சலும் இல்லை.

கிள்ளும் மைக்

தெரணியகலையில் என்னிடம் காட்டியது வேறு பிரச்சினை. அங்கே ஒரு பழைய கோயில் அம்ப் இருந்தது, பின்னால் 24 வோல்ட் பற்றரிக்கான முனைகளோடு. இரண்டு கணினிப் பெட்டியைத் தொடராக இணைத்தால் 24 வருமே என்று முயன்றிருக்கிறார்கள். ஒரு பெட்டி உடனே அணைந்துவிட்டது. கைபேசியில் காணொளி பார்த்து, ஒரு பெட்டியின் பிளக்கில் எர்த் கம்பியை வெட்டிவிட்டார்கள். அம்ப் ஓடியது. மைக்கைப் பிடித்தவருக்கு உதட்டில் கிள்ளியது.

இந்தக் கிள்ளலைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. பெட்டியின் கறுப்புக் கம்பிகள் எல்லாம் உள்ளே அதன் இரும்பு உடலோடு சேர்ந்திருக்கின்றன. இரும்பு உடல் பிளக்கின் எர்த் முனையோடு சேர்ந்திருக்கிறது. இரண்டாம் பெட்டியின் கறுப்பை முதற்பெட்டியின் மஞ்சளோடு இணைத்தால், எர்த் கம்பி வழியாகச் சுற்றி வந்து முதற்பெட்டியின் மஞ்சளும் கறுப்பும் நேரே முட்டிக்கொள்கின்றன. அதனால்தான் அது அணைந்தது. எர்த்தை வெட்டினால் முட்டல் நின்றுவிடும், ஆனால் அந்தப் பெட்டியின் உடலுக்கு இனி நிலத்தோடு தொடர்பு இல்லை.

அதற்குள் 230 வோல்ட் வரும் இடத்தில், இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் கம்பியில் இருந்து உடலுக்குப் போகின்றன. எர்த் இருந்தால் அவற்றின் கசிவு நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டியின் உடலும், அதோடு சேர்ந்த அம்பும், மைக்கின் இரும்பு வலையும் 115 வோல்ட் அளவில் மிதக்கும். கசிவு மிகச் சிறியது என்பதால் கிள்ளலோடு நிற்கிறது. ஆனால் பெட்டிக்குள் ஒரு கம்பியின் உறை உருகினாலோ, மழையில் ஈரம் புகுந்தாலோ, அதே வழியில் முழு 230 உம் மைக்குக்கு வரும். பிடித்திருப்பவர் ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் கோயில் முற்றம் அது. அன்றைக்குப் பியூஸும் எரியாது, ஏனென்றால் ஒரு மனித உடலைக் கொல்லப் போதுமான மின்சாரம் பியூஸுக்கு ஒரு பொருட்டே அல்ல.

எர்த்தை யாரும் வெட்டாவிட்டாலும் இதே நிலை வரலாம். நான் போன லயங்கள் சிலவற்றில் பிளக்கின் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. பல்ப் ஹோல்டரில் இருந்து இரண்டு கம்பி இழுத்த இடங்களும் உண்டு. அங்கே ஒரே ஒரு கணினிப் பெட்டியைப் போட்டாலும் அதன் உடல் மிதக்கும். கணினி வைத்திருக்கும் வீடுகளில் "தொட்டால் கிர்ரென்று இருக்கு" என்று சொல்வதும் இதையேதான்.

ஆகவே 24 வோல்ட் வேண்டும் என்றால் இரண்டு கணினிப் பெட்டி வேண்டாம். எல்ஈடி விளக்குகளுக்கு விற்கும் துளைபோட்ட இரும்புப் பெட்டிகளில் 24 வோல்ட் தருபவை தனியே இருக்கின்றன. அவற்றுக்கும் எர்த் வேண்டும். பெட்டியின் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையில் 24 வோல்ட் காட்டுகிறதே என்று சிலர் மீட்டரோடு வருவார்கள். உண்மைதான், நீலம் மைனஸ் 12. ஆனால் அது தருவது அரை அம்பியர் அளவுதான். பிளஸ், மைனஸ் இரண்டும் கேட்கும் அம்ப் போர்டுகளை இதில் ஓட்ட முடியாததும் இதனால்தான்.

திருவிழாவுக்கு முன் தெரிந்த மின்வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, கோயிலில் ஒரே ஒரு பிளக்குக்காவது எர்த் உண்மையாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மீட்டருக்கு அருகில் ட்ரிப் சுவிச் இருந்தால் அதிலுள்ள "ரி" எழுத்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது. தெரணியகலைத் தம்பிமாரிடம் வெட்டிய பிளக்கை அன்றைக்கே கழற்றச் சொன்னேன். முகம் வாடியது. திருவிழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. முடிவில் கோயில் அம்பை ஒதுக்கிவிட்டு, கார் செட்டின் இரண்டு வழியில் இரண்டு ஹோர்னைக் கட்டினார்கள்.

கரண்ட் போன பிறகு

கணினிப் பெட்டியின் பெரிய குறை, கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த மலைகளில் மழைக்காலத்தில் மரம் விழுந்தாலே போதும். 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பு ஒன்றும் மண்ணுக்குள் போனது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக விடுகிறது. சிவப்பு என்றால் இடத்தை விட்டு வெளியேற வேண்டும். கைபேசிச் சிக்னல் இல்லாத லயத்துக்கு நள்ளிரவில் அந்தச் செய்தி போய்ச் சேர, கோயில் ஹோர்னைவிட விரைவான வழியை நான் பார்க்கவில்லை.

கார் செட்டைத் தெரிவுசெய்வதன் பெறுமதி இங்கேதான் தெரியும். அது பற்றரிக்கென்றே பிறந்தது. திருவிழா நாளில் கணினிப் பெட்டி, கரண்ட் போன இரவில் த்ரீவீல் பற்றரி. நிரம்பிய பற்றரி 12.7 வோல்ட் தருவதால் சத்தம் சற்றுக் கூடவே வரும். பாட்டும் பேச்சும் சராசரியாக 2 அம்பியர் இழுத்தால், 30 அம்பியர்-மணி பற்றரியின் பாதியைப் பயன்படுத்தி ஏழு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். பாதிக்குக் கீழே இறக்கினால் பற்றரியின் ஆயுள் குறையும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்துக் கட்டாதீர்கள். கரண்ட் போனதும் பற்றரி, கணினிப் பெட்டிக்குள் பின்வழியாகப் பாயும். இரண்டு பக்கமும் மாற்றும் சுவிச் ஒன்றைப் போட்டு, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் செட்டுக்குப் போகும்படி செய்யுங்கள். கணினிப் பெட்டியால் பற்றரியைச் சார்ஜ் செய்யவும் முடியாது. பற்றரிக்கு 13.8 வோல்டுக்கு மேல் வேண்டும், பெட்டி 12.6 ஐத் தாண்டாது.

கணினிப் பெட்டியில் கம்பி முட்டினால் அது அணைந்துவிடும், பற்றரி அணையாது. கம்பி சிவந்து உறை எரியும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பற்றரியின் பிளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள், செட்டில் உள்ள அதே அளவு பியூஸ் ஒன்றை ஹோல்டரோடு போடுங்கள். த்ரீவீல் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும்.